மலையில் பழகியவர் கீழே இறங்கும்போது: முதல் நீண்ட தூர ட்ரையத்லனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனில் இருந்து நுவரெலியாவுக்கு சைக்கிளில் ஏறிப் பழகியவரைத் தட்டையான ரோடு என்ன செய்துவிடும்? முதல் ட்ரையத்லனுக்குக் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கும் போட்டி) கிளம்பும்போது என் எண்ணம் இதுதான். கடலில் 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், பிறகு 21.1 கிலோமீற்றர் ஓட்டம். 2018 பெப்ரவரியில் கொழும்பில் முதல் தடவையாக நடந்த அயர்ன்மேன் 70.3 போட்டியும் இதே தூரம்தான். மூன்றையும் மைலில் கூட்டினால் 70.3 வரும். சைக்கிளில் 60ஆவது கிலோமீற்றர் தாண்டியதும் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. காலில் தெம்பு இருந்தது, மூச்சும் சீராக இருந்தது. முதுகுதான் நிமிரவில்லை. ஓட்டத்தின் முதல் 3 கிலோமீற்றரைக் குனிந்தபடி நடந்தே கடந்தேன்.

காரணம் பிறகுதான் விளங்கியது. மலையில் ஒரு மணி நேரம் ஏறினால், அடுத்த அரை மணி நேரம் மிதிக்காமலே உருளலாம். ஏறும்போதும் அடிக்கடி எழுந்து நின்று மிதிப்போம். தட்டையில் அந்த ஓய்வு கிடையாது. மூன்று, நான்கு மணி நேரம் ஒரே குனிவில், இடைவிடாமல் மிதிக்க வேண்டும். ஏற்றத்தில் எவ்வளவு பலம் சேர்த்தாலும் இந்தப் பழக்கம் வராது. ஆகவே மாதத்தில் இரண்டு தடவையாவது கீழே இறங்கி நீண்ட தூரம் மிதியுங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் இருப்பவர்களுக்கு மஹியங்கனையும் வெல்லவாயவும் இருக்கின்றன. ஹட்டன், நோர்வூட் ஆட்கள் கித்துல்கல வழியாக அவிசாவளைக்கு இறங்கலாம். அங்கே வெயிலும் இருக்கிறது, அதுவும் நமக்குத் தேவை.

வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்பது கணக்கு. கொழும்பில் 30 பாகை அடிக்கும் நாளில் அங்கே 18தான். உயரத்தில் வாழ்வதால் நமக்கு ஏதோ கூடுதல் பலம் என்று பலர் நம்புகிறார்கள். உயரப் பயிற்சிக்கு வீரர்கள் பொதுவாக 2,000 மீற்றருக்கு மேல் போவார்கள். நமது டவுன்கள் எல்லாம் அதற்குக் கீழேதான். கிடைக்கும் சின்னப் பலனையும் கீழே உள்ள புழுக்கம் விழுங்கிவிடும். உடம்பு வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாட்கள் எடுக்கும். அதற்குள் இரத்தத்தில் நீர்ப்பங்கு கூடும், வியர்வை சீக்கிரமே வரத் தொடங்கும், வியர்வையோடு போகும் உப்பும் குறையும். போட்டிக்கு முதல் நாள் இரவு பஸ்ஸில் வந்து இறங்குவதுதான் நம் ஆட்கள் செய்யும் பெரிய பிழை. இரண்டு வாரம் லீவு கிடைக்காது, சரி. அப்படியென்றால் கடைசி மாதத்தில் மத்தியான நேரத்தில் ஓடுங்கள், மேலே ஒரு ஜேர்சி கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். தலை சுற்றினால் அதோடு நிறுத்திவிட வேண்டும்.

குளிரில் தாகம் தெரியாது. ஒரு போத்தல் தண்ணீரோடு மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு வருவோம், ஒன்றும் ஆகாது. அதே பழக்கம் கீழே ஆளைச் சாய்த்துவிடும். அதற்குப் பயந்து வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளுவதும் ஆபத்து: இரத்தத்தில் சோடியம் இறங்கி மயக்கம் வரைக்கும் கொண்டுபோகும். நம் ஊரில் எல்லோரும் ஜீவனி என்ற உப்பு-சீனிக் கரைசலை நம்புகிறார்கள். உப்புக்கு அது நல்லது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லீற்றர் கரைசலில் இருக்கும் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். சைக்கிளில் மணிக்கு 60 கிராம் அளவு மாச்சத்தாவது உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் வரை கிடைக்கும், மிச்சத்துக்கு சீனி கரைத்த பானமோ மாச்சத்து ஜெல்லோ வேண்டும். எதுவானாலும் பயிற்சியில் பல தடவை சாப்பிட்டு வயிற்றைப் பழக்கிய பிறகுதான் போட்டியில் தொட வேண்டும்.

இன்னொரு பிழை நம் ரோட்டுக்கே உரியது. இங்கே இலேசான பயிற்சி என்பதே அமையாது. வீட்டு வாசலைத் தாண்டினால் ஏற்றம். ஒவ்வொரு நாளும் நெஞ்சு வெடிக்கப் பயிற்சி செய்து, மூன்றாம் மாதத்தில் முழங்கால் வலியோடு நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். வாரத்தின் பெரும்பகுதி, பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் இருக்க வேண்டும். ஏற்றத்தில் இலேசாக மிதிக்கப் பின்சக்கரத்தில் பெரிய பற்சக்கரம் போடுங்கள். ஓட்டத்தில் ஏற்றம் வந்தால் நடந்து ஏறுங்கள்.

இறக்கத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு விடியற்காலை ரம்பொடைப் பக்கம் பனிமூட்டத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தோம். பின்னால் வந்தவன், "மச்சான், நில்லு நில்லு!" என்று கத்தினான். நிறுத்திப் பார்த்தால் அவன் விரல்கள் பிரேக்கைப் பிடித்தபடியே விறைத்திருந்தன. விரிக்கச் சொன்னேன், விரியவில்லை. வழியில் ஒரு கடையில் பிளேன்டீ வாங்கி, குடிக்காமல் இரண்டு கையாலும் கிளாஸைப் பொத்திக்கொண்டு பத்து நிமிடம் நின்றான். முழுவிரல் கையுறை ஐந்நூறோ ஆயிரமோ, வாங்கிவிடுங்கள். பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடியுங்கள், வளைவுக்குள் அல்ல. விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். கொண்டை ஊசி வளைவில் பஸ் ரோடு முழுவதையும் எடுக்கும் என்று நினைத்தே இறங்குங்கள்.

நீச்சலுக்கு நம்மில் பலர் நீர்த்தேக்கத்தைப் பார்க்கிறார்கள். தனியாகப் போகவே வேண்டாம். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இருந்து விமலசுரேந்திர மின் நிலையத்துக்குத் தண்ணீர் போகிறது. அணைக்கட்டு, தண்ணீர் உறிஞ்சும் வாய் உள்ள பக்கங்களில் நல்ல நீச்சல்காரனும் தப்ப முடியாது. முடிந்தவரை நீச்சல் குளத்தில் பழகிவிட்டு, கடலுக்குச் சில தடவை போய் வாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை மேற்குக் கடல் கொந்தளிக்கும், அப்போது கிழக்கே பாசிக்குடா அமைதியாக இருக்கும். பதுளையில் இருந்து, பாசிக்குடாவுக்குப் போகும் வழியில் உள்ள செங்கலடி வரை ஒரே ரோடு. எட்டுப் பத்துக் கை வீச்சுக்கு ஒரு தடவை கண்ணைத் தூக்கி, பாதையைக் காட்டும் மிதவையைப் பார்க்கப் பழகுங்கள், இல்லாவிட்டால் 1.9 கிலோமீற்றர் இரண்டரையாகிவிடும். குளிருக்குப் போடும் நீச்சல் கவச உடைக்கு (வெட்சூட்) காசு செலவழிக்க வேண்டாம், தண்ணீர் 24.5 பாகையைத் தாண்டினால் அயர்ன்மேன் போட்டிகளில் அதைப் போட்டுக்கொண்டு பரிசுக்குப் போட்டியிட முடியாது, நம் கடல் எப்போதும் அதைவிடச் சூடு.

அப்புறம் ஓட்டம். இந்தத் தூரத்துக்குப் பொதுவாக மொத்தம் 8 மணி 30 நிமிடம் தருவார்கள். நீச்சல் 55 நிமிடம், சைக்கிள் 3 மணி 45 நிமிடம், உடை மாற்ற 15 நிமிடம் என்று வையுங்கள். ஓட்டத்துக்கு 3 மணி 35 நிமிடம் மிச்சம். கிலோமீற்றருக்குப் பத்து நிமிடம்! கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கு மலையில் இருந்து இறங்கும் நம் அம்மாமாரின் நடையைவிடக் கொஞ்சம்தான் வேகம். சைக்கிளில் இருந்து இறங்கியதும் ஆட்களின் கைதட்டலைக் கேட்டுப் பாய்ந்துவிடாமல், முதல் 5 கிலோமீற்றரை மெதுவாக ஓடி, தண்ணீர் மேசை வரும் இடமெல்லாம் நடந்து குடித்துவிட்டுப் போங்கள்.