லேப்டாப்பில் ஓடிய ஸ்கிரிப்ட் சர்வரில் ஏன் தவறியது?

பேக்கப் எடுக்க ஒரு ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) எழுதியிருந்தேன். டிஸ்கில் இடம் குறைவாக இருந்தால் அது நின்றுவிட வேண்டும். என் லேப்டாப்பில் சரியாக நின்றது. உபுண்டு சர்வரில் நிற்காமல் நகலெடுத்துக்கொண்டே போய் டிஸ்க்கை நிரப்பிவிட்டது.

லாகைப் பார்த்தபோது, இரட்டைச் சதுர அடைப்புக்குறி என்ற கட்டளையே இல்லை என்று ஒரு வரி இருந்தது. காரணம் ஸ்கிரிப்டின் முதல் வரியில்தான். அதை எந்த ஷெல் (கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) ஓட்ட வேண்டும் என்று சொல்வது அந்த வரி. பாஷ் (bash) என்று ஒரு ஷெல்லின் பெயரை எழுதாமல் வெறும் எஸ்ஹெச் (sh) என்று எழுதியிருந்தேன். என் லேப்டாப்பில் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது பாஷ். உபுண்டுவிலோ 2006 முதல் டாஷ் (dash) என்ற வேறொரு ஷெல். டாஷ் சிறியது, வேகமாகத் தொடங்கும். ஆனால் நிபந்தனையைச் சோதிக்க நான் எழுதியிருந்த [[ அதற்குத் தெரியாது. இதில் ஆபத்து என்னவென்றால், 'இஃப்' நிபந்தனையில் வரும் பிழையை ஷெல் 'பொய்' என்றே எடுத்துக்கொள்ளும்; ஸ்கிரிப்ட் நிற்காது. எனக்கு நடந்ததும் அதுதான்.

[[ இருந்த இடத்தில் [ போட்டேன், == என்பதை = ஆக்கினேன், மாறிகளை மேற்கோள் குறிக்குள் வைத்தேன். ஸ்கிரிப்டில் பிழை தேடும் ஷெல்செக் கருவி கொண்டு சோதித்ததில் இன்னும் இரண்டு இடங்கள் சிக்கின.

இப்போது ஸ்கிரிப்ட் என்றால் எளிய எஸ்ஹெச்தான். அரே (மதிப்புகளின் பட்டியல்) தேவைப்பட்டால் மட்டும் முதல் வரியில் பாஷ் என்றே எழுதுகிறேன். கையால் தட்டச்சு செய்ய ஃபிஷ் (fish) என்ற ஷெல்: பழைய கட்டளைகளை அது தானே நினைவூட்டுவது அவ்வளவு வசதி! ஆனால் அதன் இலக்கணம் வேறு என்பதால் ரூட் (நிர்வாகி) கணக்கின் ஷெல்லை மட்டும் நான் மாற்றுவதே இல்லை.