லூப்பை இழுப்பதற்கு முன்: சாம்ப்ளரில் டெம்போ மாற்றும்போது நாம் செய்யும் தவறுகள்

90 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 90 அடி) இருக்கும் ஒரு டிரம் லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் டிரம் துண்டை, 100-க்கு ஏற்ற வேண்டும். ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் சாம்ப்ளர் பெட்டியை வாங்கிய முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் வரும் வேலை இது. வார்ப் என்றோ சிங்க் என்றோ இருக்கும் பொத்தானை அமுக்கினால் முடிந்தது என்று நினைப்போம். வேகம் ஏறியிருக்கும். ஆனால் ஸ்நேர் அடி சப்பென்று விழும், ஹைஹாட் தண்ணீருக்குள் இருந்து கேட்பதுபோல் இருக்கும், கிக் மெட்ரோனோமோடு சேராமல் அடம்பிடிக்கும். உடனே பெட்டியைத் திட்டுவோம். பெரும்பாலும் பெட்டி மேல் தப்பே இருக்காது. அதற்குத் தப்பான எண்ணைச் சொல்லியிருப்போம், இல்லையென்றால் தேவையே இல்லாத வேலையைக் கொடுத்திருப்போம்.

முதலில் எண்ணைப் பார்ப்போம், ஏனென்றால் பாதித் தகராறு அங்கேதான். லூப்பின் அசல் டெம்போ சாம்ப்ளருக்குத் தெரியாது. நீங்கள் வெட்டிக் கொடுத்த துண்டின் நீளத்தை அளந்து, இதில் இத்தனை அடி இருக்கும் என்று ஊகித்து, ஒரு வகுத்தல் போட்டுச் சொல்கிறது. அடிகளின் எண்ணிக்கையை 60-ஆல் பெருக்கி நொடிகளால் வகுத்தால் பிபிஎம், அவ்வளவுதான். 90-இல் இரண்டு பார், அதாவது 8 அடி, 5.333 நொடி. கடைசியில் சிம்பல் அதிர்வு அழகாக இருக்கிறதே என்று வெட்டும்போது 80 மில்லிநொடி கூடுதலாக விட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். நீளம் 5.413 நொடி ஆகிவிட்டது. பெட்டி அதை 88.7 பிபிஎம் என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் 100-க்குக் கொண்டுபோனால், வாலோடு சேர்த்துத்தான் இரண்டு பாருக்குள் திணிக்கும். அடிகள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து, எட்டாவது அடி 60 மில்லிநொடி முந்தி விழும். காதுக்கு அது நன்றாகவே தெரியும். என்ன கோளாறு என்பதுதான் தெரியாது.

வெட்டும் இடத்தைச் சாம்பிள் எண்ணிக்கையில் (ஒலியை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளந்த புள்ளிகளில்) காட்டும் பெட்டியாக இருந்தால் வேலை சுலபம். 90 பிபிஎம்மில் இரண்டு பார் என்பது 44.1 கிலோஹெர்ட்ஸில் 2,35,200 சாம்பிள், 48 கிலோஹெர்ட்ஸில் 2,56,000. தொடக்கப் புள்ளியை முதல் கிக்கின் விளிம்பில் வைத்து, முடிவைக் கணக்குப்படி வைத்து, இழுக்காமல் அப்படியே 90-இல் மெட்ரோனோமோடு பத்துச் சுற்று ஓடவிடுங்கள். அங்கேயே நிற்காத லூப் 100-இல் நிற்கப்போவதில்லை.

இன்னொன்று, இந்தப் பெட்டிகள் 4/4-ஐ, அதாவது பாருக்கு நாலு அடி என்பதை, மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. 75-ஐ 150 என்று இரட்டிப்பது எல்லோருக்கும் நடக்கும், பார்த்ததும் திருத்திவிடலாம். நம் ஊர்த் தாளங்களைப் போடும்போதுதான் அது நன்றாகக் குழம்பும். 130-இல் ஓடும் குத்துத் தாளம் ஒன்றைப் போட்டால், ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும் 6/8 நடை என்பதால் 195 என்றோ 97.5 என்றோ காட்டக்கூடும். 140-இல் வாசித்த ஒரு மிஸ்ர சாபு சுற்றைப் போட்டால், ஏழு அடியை எட்டு என்று எண்ணி 160 என்று சாதிக்கக்கூடும். இந்த மாதிரி இடங்களில் தானியங்கிக் கணிப்பை நம்பாமல், கையால் தாளம் போட்டு எண்ணி, எண்ணை நீங்களே உள்ளிடுங்கள். அடிகளின் எண்ணிக்கையை மாற்ற விடாத பெட்டி என்றால், பிபிஎம்மையாவது கையால் திருத்த முடிகிறதா என்று பாருங்கள்.

சரி, எண் சரியாகிவிட்டது. அடுத்த கேள்வி: இழுக்கத்தான் வேண்டுமா?

டெம்போ மாற்ற இரண்டு வழி உண்டு. ஒன்று, இசைத்தட்டை வேகமாகச் சுற்றுவதுபோல வேகத்தையும் சுருதியையும் சேர்த்து ஏற்றுவது. மற்றது டைம் ஸ்ட்ரெட்ச், அதாவது சுருதியைத் தொடாமல் நீளத்தை மட்டும் மாற்றுவது. முதல் வழிதான் பழையது. 1987-இல் வந்த ஈமு எஸ்பி-1200 சாம்ப்ளரில் மொத்தமே சுமார் பத்து நொடிதான் பதிவு செய்ய முடியும். அதனால் நியூயார்க் ஹிப்ஹாப் ஆட்கள் 33 ஆர்பிஎம் தட்டை 45-இல் ஓட்டிப் பதிந்து, பெட்டிக்குள் சுருதியைக் கிட்டத்தட்ட 5.2 செமிடோன் (அரை ஸ்வரம்) இறக்கி இடத்தை மிச்சம் பிடித்தார்கள். 12 பிட் ஒலியை அப்படி இறக்கும்போது வந்த கரகரப்பையே இன்று பலர் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பது தனிக் கதை.

என் கருத்து: டிரம் மட்டும் இருக்கும் லூப்பில், மாற்றம் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்குள் என்றால், இழுக்காதீர்கள். சுருதியை ஏற்றுங்கள். 90-இலிருந்து 100-க்குப் போக 1.82 செமிடோன் வேண்டும், நம்மூர்க் கணக்கில் ஒரு கட்டைக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்நேர் சற்று இறுக்கமாகக் கேட்கும், அடி கூர்மையாகவே இருக்கும். இங்கே நடக்கும் தவறு பெரிய குமிழை மட்டும் திருப்புவது. முழுதாக இரண்டு செமிடோன் ஏற்றினால் 101.02-க்குப் போய்விடும். ஒரு பிபிஎம்தானே என்று விட்டால், நாலு பார் முடிவதற்குள் லூப் 100 மில்லிநொடி முந்திவிடும். இரண்டு செமிடோன் ஏற்றி, நுண் குமிழில் 18 சென்ட் (செமிடோனில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) இறக்குங்கள்.

குரல், நாதஸ்வரம், வயலின், பேஸ் இதற்கெல்லாம் அந்த வழி ஆகாது. பாட்டின் சுருதியோடு ஒட்டாது. குரலை அதிகம் ஏற்றினால் கார்ட்டூன் பொம்மை பேசுவதுபோல் ஆகிவிடும். அங்கேதான் டைம் ஸ்ட்ரெட்ச் வேண்டும்.

அது எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, மெதுவாக்கும்போது சிலவற்றை மறுபடி ஒட்டுகிறது, வேகமாக்கும்போது துண்டுகளை நெருக்கிச் சிலவற்றை விட்டுவிடுகிறது. நீண்ட ஸ்வரத்தில் ஒரு துண்டு இருமுறை வந்தால் யாருக்கும் தெரியாது. தவிலில் ஒரு தொப்பி அடி இருமுறை வந்தால் தடுக்கி விழுந்த மாதிரி ‘தத்’ என்று கேட்கும். அதற்காகத்தான் தாள ஒலிகளுக்கு ஒரு முறை, மற்றவற்றுக்கு ஒரு முறை என்று பெட்டிகள் பிரித்து வைத்திருக்கின்றன. ஆக்டாட்ராக் என்ற சாம்ப்ளரில் பீட், நார்மல் என்று இருப்பது இதுதான். குரலைப் பீட் முறையில் போட்டுவிட்டு நடுங்குகிறதே என்று புலம்புவது ரொம்பச் சாதாரணமான தவறு. லூப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த ஒரு அமைப்பைப் பாருங்கள்.

இந்தக் கோளாறையே அழகாக்கியவர்களும் உண்டு. 90-களின் தொடக்கத்தில் லண்டனில் ஜங்கிள் இசை செய்தவர்கள், அக்காய் எஸ்950, எஸ்1000 ரேக் சாம்ப்ளர்களின் டைம் ஸ்ட்ரெட்சை வேண்டுமென்றே எல்லை மீறி இழுத்தார்கள். குரல் உலோகச் சங்கிலிபோல் கிலுகிலுத்து நீளும் அந்தச் சத்தம் அப்படிப் பிறந்ததுதான். தெரிந்து செய்தால் அது ஒரு வாத்தியம்.

ஒற்றை அடிகளுக்கு சிங்க்கை அணைக்க மறப்பதுதான் நான் அதிகம் செய்த தவறு. கிக், கைத்தட்டல் போன்ற ஒன்-ஷாட்டுகளுக்கு டெம்போவே கிடையாது. ஆனால் பேடில் சிங்க் எரிந்துகொண்டிருந்தால், அந்த அரை நொடிக் கிக்குக்கும் பெட்டி ஒரு பிபிஎம்மைக் கற்பித்து இழுத்துவிடும். கிக்கில் கனமே இல்லையே என்று ஒரு மாலை முழுக்க ஈக்யூவைத் திருகியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் ஒரு சின்ன விளக்கு.

இழுப்பதும் வேண்டாம், சுருதியும் மாறக்கூடாது என்றால் ஸ்லைஸ் செய்வதுதான் வழி. 2017-இல் வந்த முதல் டிஜிடாக்ட் சாம்ப்ளரில் டைம் ஸ்ட்ரெட்சே கிடையாது, அதை வைத்திருந்தவர்கள் இப்படித்தான் சமாளித்தார்கள். லூப்பை அடி அடியாக நறுக்கிச் சீக்வென்ஸரில் வரிசையாக வைத்தால், டெம்போ எதுவானாலும் ஒவ்வொரு அடியும் தன் இடத்தில் விழும். வேகமாக்கும்போது ஒரு துண்டின் வால் அடுத்த துண்டின் மேல் ஏறும், எல்லாத் துண்டையும் ஒரே மியூட் குரூப்பில் (ஒன்று ஒலித்தால் முந்தையது நின்றுவிடும் அமைப்பு) போட்டால் சரியாகிவிடும். மெதுவாக்குவதுதான் சங்கடம். 90-இல் அரை அடித் துண்டு 333 மில்லிநொடி. 80-இல் அந்த இடத்தின் நீளம் 375. நடுவில் 42 மில்லிநொடி வெறும் நிசப்தம், சத்தம் வெட்டி வெட்டி வரும். சிலர் துண்டின் முடிவை நீட்டிப் பார்ப்பார்கள். நீட்டினால் அடுத்த அடியின் தலையும் உள்ளே வந்து இரட்டை அடியாகும். அதற்குப் பதில் டிகேயை (ஒலி தேய்ந்து மறைய எடுக்கும் நேரத்தை) குறைத்து வாலை மெல்ல மங்க விடுங்கள், மேலே ஒரு ஷேக்கரையோ கொஞ்சம் ரிவெர்பையோ போட்டால் இடைவெளி தெரியாது.

நேரலையில் வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பல டிராக்குகளை ஒரே நேரத்தில் நேரடியாக இழுப்பது பிராசஸருக்குப் பெரிய சுமை. மேடையில் டெம்போ மாறப்போவதில்லை என்றால், வீட்டிலேயே இழுத்து ரீசாம்பிள் செய்து, அதாவது இழுத்த ஒலியைப் புதுக் கோப்பாகப் பதிந்து, எடுத்துப்போங்கள். ஆனால் ரீசாம்பிள் செய்ததை அசலின் மேலேயே சேமித்துவிடாதீர்கள். 90-ஐ 100 ஆக்கி, பாட்டு மாறியதும் அதையே 94 ஆக்கி, அப்புறம் 97 ஆக்கினால், நறுக்கி ஒட்டியதை மறுபடி மறுபடி நறுக்குகிறோம். மூன்றாவது சுற்றில் ஸ்நேர் ஈரத் துணியைத் தரையில் அடித்ததுபோல் ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் அசலுக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து இழுங்கள். அதற்கு அசல் எது என்று தெரிய வேண்டும். என் கார்டில் இப்போது எல்லாக் கோப்பின் பெயரிலும் டெம்போவும் பார் எண்ணிக்கையும் இருக்கிறது: ‘தவில் 90 2பார் அசல்’, ‘தவில் 100 2பார்’.