வாழ்க்கையின் நோக்கத்தைத் தேடிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாழ்வதற்கு ஒரு நோக்கம் கட்டாயம் வேண்டுமா? மனநல ஆலோசனைக்கு இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் மூன்று வகையினரை அடிக்கடி பார்க்கலாம். நான்கைந்து ஆண்டு வேலை பார்த்துவிட்ட இளைஞர்கள், பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்ட பெற்றோர், ஓய்வுபெற்றுச் சில மாதங்கள் ஆனவர்கள். வயதும் சூழலும் வேறு வேறு. செய்கிற தவறுகள் மட்டும் அச்சில் வார்த்ததுபோல் இருக்கின்றன.

முதலில் நேரடியான பதில். பெரிய இலட்சியம் எதுவும் இல்லாமல் நிறைவாக வாழ முடியும், பலர் வாழ்கிறார்கள். ஆனால் தன் வாழ்க்கைக்குப் பொருளே இல்லை என்ற உணர்வோடு நெடுங்காலம் இருப்பது மனிதரை அரித்துவிடும். வாழ்வின் பொருள் என்பதை உளவியலாளர்கள் மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்: என் வாழ்க்கை எனக்குப் புரிகிறதா, ஏதோ ஒரு திசையில் போகிறேனா, நான் இருப்பதால் யாருக்காவது ஏதாவது ஆகிறதா. நோக்கம் என்பது இவற்றில் நடுவில் இருக்கும் ஒன்று மட்டுமே. மாலைதோறும் பேத்திக்குக் கணக்குச் சொல்லித்தரும் தாத்தாவிடம் அது குறைவாக இருக்கலாம். மற்ற இரண்டும் நிறைய இருப்பதால் அவர் நன்றாகவே இருப்பார். அவரைப் பிடித்து 'உங்கள் இலட்சியம் என்ன' என்று கேட்டுக் குழப்ப வேண்டியதில்லை.

பணம் மட்டும் போதாது, செல்போனில் நேரத்தைத் தொலைக்காதீர்கள் என்பவற்றை எல்லோரும் அறிவோம். அவற்றை விட்டுவிடலாம்.

## முடிந்துபோகும் இலக்கை நோக்கம் என்று நம்புவது

அரசுத் தேர்வில் தேறுவது, வீடு கட்டுவது, மகள் கல்யாணம். இவை ஒரு தேதியில் முடிந்துவிடும் இலக்குகள். முடிந்த மறுவாரம் வெறுமை வந்து உட்காரும்போது, தனக்கு ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்கு இலக்கை எட்டும் முன்பே இது நடந்தது. மூன்று வயதில் கிரேக்கம் கற்கத் தொடங்கி, சமூகத்தைச் சீர்திருத்துவதற்கென்றே தந்தையால் வளர்க்கப்பட்டவர். 1826-ல், 20 வயதில், தன்னையே கேட்டுக்கொண்டார்: நான் விரும்பும் மாற்றங்கள் எல்லாம் இந்த நொடியே நிகழ்ந்துவிட்டால் எனக்குப் பெரிய மகிழ்ச்சி கிடைக்குமா? கிடைக்காது என்று மனம் சொன்னது. அதன்பின் மாதக்கணக்கில் இருளில் கிடந்தார். கவிதையும் பிறர் மீதான உணர்வும் மெல்ல மெல்ல அவரை மீட்டன.

உங்கள் இலக்கையும் அதே கேள்வியால் சோதிக்கலாம். இது நாளைக்கே கிடைத்துவிட்டால் அடுத்த திங்கட்கிழமை காலை என்ன செய்வீர்கள்? பதில் இருந்தால் அந்த இலக்குக்குப் பின்னால் ஒரு திசை இருக்கிறது. பதில் இல்லையென்றால் இலக்கைக் கைவிட வேண்டாம். அதோடு சேர்த்து, முடிவே இல்லாத ஒரு காரியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லித்தருவது, பயிரிடுவது, பாடுவது, ஒரு சங்கத்தின் கணக்கைப் பார்ப்பது என எதுவானாலும் சரி.

## வேலையை விட்டுவிட்டு நோக்கத்தைத் தேடக் கிளம்புவது

இதற்குக் கொடுக்கும் விலை அதிகம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். மேடைப் பேச்சாளர்களும் யூடியூப் சேனல்களும் இதைத் துணிச்சல் என்று புகழ்வதைக் கேட்கும்போது கோபம் வருகிறது.

வழக்கமாக இது நான்கு வட்டங்கள் போட்ட ஒரு படத்தில் தொடங்கும். உனக்குப் பிடித்தது, உனக்குத் திறமை உள்ளது, உலகுக்குத் தேவையானது, உனக்குப் பணம் தருவது. நான்கும் ஒன்றையொன்று வெட்டும் நடுவிடத்தில் 'இக்கிகாய்' என்று எழுதியிருக்கும்; வாழ்வதற்கான பிடிப்பு என்ற பொருளில் வரும் ஜப்பானியச் சொல் அது. தன் வேலை அந்த நடுவில் இல்லை என்று கண்ட இளைஞர், ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு அந்தப் புள்ளியைத் தேடப் புறப்படுகிறார்.

அந்தப் படம் ஜப்பானிலிருந்து வந்ததே இல்லை. ஸ்பெயினைச் சேர்ந்த ஆந்த்ரேஸ் சுசுனாகா நோக்கம் என்பதை விளக்க வரைந்தது. 2014-ல் மார்க் வின் என்பவர் தன் வலைப்பதிவில் நடுவிலிருந்த சொல்லை மாற்றி இக்கிகாய் என்று போட்டார். அது உலகெங்கும் பரவியது. ஜப்பானில் இக்கிகாயைப் பற்றி ஆழமாக எழுதிய மனநல மருத்துவர் மியேகோ கமியா, நாகஷிமா தீவின் தொழுநோய் இல்லத்தில் இருந்தவர்களோடு பழகித்தான் 1966-ல் தன் நூலை வெளியிட்டார். ஊர், தொழில், குடும்பம் எல்லாம் பறிபோனவர்கள் அவர்கள். அவர்களிலும் வாழ்க்கைமேல் பிடிப்போடு இருந்தவர்கள் உண்டு. பணம் தரும் வட்டத்துக்கு அங்கே இடமே இல்லை. சம்பளமும் நோக்கமும் ஒரே இடத்தில் கிடைத்தாக வேண்டும் என்ற நிபந்தனைதான் இத்தனை பேரை அலைக்கழிக்கிறது. சிலருக்கு அப்படி அமையும். அமையாதவர்கள் தோற்றுப்போனவர்கள் அல்லர்.

வேலை போனதும் என்னவெல்லாம் சேர்ந்து போகும் என்பதை அறிய, வியன்னாவுக்கு அருகிலுள்ள மரியந்தால் கிராமத்தைப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 1,500 பேர் வாழ்ந்த அந்த ஊர் ஒரே ஒரு துணி ஆலையை நம்பியிருந்தது. 1930-களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தின் தொடக்கத்தில் ஆலை மூடப்பட்டது. சமூக உளவியலாளர் மேரி யஹோடா, அவருடன் பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அங்கே நடத்திய ஆய்வு 1933-ல் வெளிவந்தது. மக்களுக்கு நேரம் அள்ளிக் கிடைத்தது; நூலகத்தில் கட்டணத்தையும் நீக்கியிருந்தார்கள். ஆனாலும் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆண்களின் நடை மெதுவானது. தெருவில் நடக்கும்போது பலர் அடிக்கடி நின்றார்கள். நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று மணிவாரியாக எழுதச் சொன்னால், எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது தவிரப் பலருக்கு எழுத எதுவும் இல்லை. சமையலும் பிள்ளைகளும் இருந்ததால் பெண்களுக்கு மட்டும் நாள் சிதறவில்லை.

அவர்களுக்கு வறுமையும் இருந்தது என்பது உண்மை. கையில் சேமிப்போடு வேலையை விடுகிறவரை அவர்களோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் வேலை என்பது சம்பளத்தோடு சேர்த்து ஐந்து பொருள்களைத் தருகிறது என்று யஹோடா பின்னாளில் விளக்கியது எல்லோருக்கும் பொருந்தும்: நாளுக்கு ஒரு கட்டமைப்பு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலர் சேர்ந்து செய்யும் காரியம், 'நான் இன்னார்' என்று சொல்ல ஓர் அடையாளம், கட்டாயமான செயல்பாடு. பொருளுணர்வு பெருமளவில் இவற்றிலிருந்துதான் ஊறுகிறது. இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிவிட்டு அறையில் உட்கார்ந்து 'என் நோக்கம் என்ன' என்று யோசித்தால் பதில் வராது, பதற்றம்தான் வரும். முதல் மாதம் விடுதலைபோல் இருக்கும். பிறகு எழும் நேரம் தள்ளிப்போகும். நண்பர்களைப் பார்க்கக் கூச்சம் வரும், சேமிப்பு கரையும், கடைசியில் முன்பைவிடக் குறைந்த சம்பளத்துக்கு ஏதோ ஒரு வேலையைப் பிடிப்பார்கள். தேடியது கிடைக்காததோடு, தேடத் தெம்பும் இல்லாமல் போகும்.

வேலையில் இருந்துகொண்டே செய்யக்கூடியது இது.

14 நாள்களுக்கு ஒரு நோட்டில் மணிவாரியாக என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை இரண்டு மதிப்பெண்: எவ்வளவு ஒன்றிப்போனேன், எவ்வளவு பயனுள்ளதாக இருந்தது. இரவில் மொத்தமாக நினைவுபடுத்தி எழுதக் கூடாது. படுக்கும் நேரத்து மனநிலை அன்றைய நாள் முழுவதன்மேலும் சாயம் பூசிவிடும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். இன்னொரு பிழை, பிடிக்க வேண்டியவற்றுக்கு அதிக மதிப்பெண் போடுவது. தியானத்துக்கு 9 போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுப் பையனின் சைக்கிளைச் சரிசெய்த அரை மணி நேரத்தை எழுதாமலே விட்டுவிடுவார்கள். விட்டுப்போன அந்த அரை மணி நேரத்தில்தான் விஷயம் இருக்கும்.

இரண்டு மதிப்பெண்ணும் 6-க்கு மேல் மூன்று முறையாவது வந்த ஒன்றை மட்டும் எடுங்கள். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், 2 முதல் 3 மணி நேரம் அதற்கு ஒதுக்குங்கள். நீங்கள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் ஆளாவது அதில் இருக்க வேண்டும். தனியாகச் செய்தால் மழை பெய்த முதல் வாரமே நின்றுவிடும். 8 வாரம் தொடருங்கள். நான்காவது வாரம் சலிக்கும், அதை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எட்டாவது வாரக் கடைசியில் மூன்று கேள்விகள்: கை முன்பைவிடப் பழகியிருக்கிறதா, மற்ற நாள்களிலும் அதை நினைக்கிறேனா, நான் இல்லாவிட்டால் யாருக்காவது குறை தெரியுமா? இரண்டுக்காவது ஆம் என்றால் நேரத்தைக் கூட்டுங்கள். இல்லையென்றால் நோட்டில் அடுத்ததை எடுங்கள்.

இதற்குப் பிறகும் வேலையை விடத்தான் வேண்டும் என்றால், ஈ.எம்.ஐ. உட்பட ஆறு மாதச் செலவுக்கான பணத்தையும் சொந்தமான மருத்துவக் காப்பீட்டையும் முதலில் ஏற்பாடு செய்யுங்கள். நிறுவனம் தந்த காப்பீடு பெரும்பாலும் வேலையோடு முடிந்துவிடும். வேலையே உங்களைத் துன்புறுத்துகிறதென்றால் கதை வேறு: அங்கிருந்து வெளியேறுங்கள், அதற்கு நோக்கம் என்ற காரணம் தேவையில்லை.

## தினமும் தன்னைச் சோதித்துக்கொண்டே இருப்பது

நோக்கம் கிடைத்துவிட்டதா என்று மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

## பிள்ளையை நோக்கமாக்குவது

வேண்டாம். அந்தப் பாரத்தைப் பிள்ளை சுமக்கும், வாய்விட்டுச் சொல்லாது.

## ஆய்வு எண்களைப் பார்த்துப் பயப்படுவது

ஜப்பானின் ஓசாகி பகுதியில் 40 முதல் 79 வயதுள்ள 43,391 பேரை ஏழு ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். இக்கிகாய் இல்லை என்று சொன்னவர்களின் இறப்பு அபாயம், இருக்கிறது என்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இதைப் படித்துவிட்டு, நோக்கம் கிடைக்காவிட்டால் சீக்கிரம் செத்துவிடுவோம் என்று நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. இல்லை என்று சொன்னவர்களில் வேலையற்றவர்கள், துணையற்றவர்கள், உடல்வலி உள்ளவர்கள், உடல்நலம் மோசம் என்று கருதியவர்கள் அதிகம். ஆய்வாளர்கள் இவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் தொடர்பு மிஞ்சியது என்றாலும், எது காரணம் எது விளைவு என்று இத்தகைய ஆய்வால் அறுதியிட முடியாது. நோய் வந்தவருக்குப் பிடிப்புத் தளர்வது இயல்புதானே. அவர்களிடம் கேட்டதும் ஒரே ஒரு கேள்வி: உங்களுக்கு இக்கிகாய் இருக்கிறதா? இருக்கிறது என்றவர்கள் எல்லோரும் உலகை மாற்றப் புறப்பட்டவர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

## மனச்சோர்வு நோயைத் தத்துவக் கேள்வி என்று எண்ணுவது

'எதிலும் அர்த்தமில்லை' என்ற சொற்கள் இரண்டு இடங்களிலிருந்து வரும். ஒன்று சிந்தனை, மற்றொன்று நோய். பசி, தூக்கம், பிடித்த சாப்பாட்டின் சுவை இவை சரியாக இருந்து கேள்வி மட்டும் உறுத்தினால் அது சிந்தனையாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்களில் மனம் கனத்து, விடியற்காலையில் விழிப்பு வந்து, குளிக்கவே மலைப்பாக இருந்து, எதிலும் ஆர்வம் இல்லாமல் போனால், நோக்கத்தைத் தேடும் பயிற்சிகளை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவையும் இப்படித் தோற்றம் காட்டும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் காத்திருக்கவே கூடாது. இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

நோயில் இருப்பவரிடம் 'ஒரு நல்ல இலட்சியத்தை வைத்துக்கொள்' என்று சொல்வது அவருடைய குற்றவுணர்வைத்தான் கூட்டும்.

## இழப்பில் இருப்பவருக்குப் பொருள் எடுத்துச் சொல்வது

இழவு வீட்டில் 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்லாதீர்கள். துன்பத்திலும் பொருள் காணலாம் என்ற மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கலை இதற்குத் துணைக்கு அழைப்பவர்கள், அவர் தவிர்க்க முடியாத துன்பத்தைப் பற்றி மட்டுமே அப்படிச் சொன்னார் என்பதை மறந்துவிடுகிறார்கள். தவிர்க்கக்கூடியதென்றால் அதன் காரணத்தை நீக்குவதே சரி என்றும் அவர் எழுதியிருக்கிறார். அதோடு, பொருளை அவரவரே காண வேண்டும், வைத்தியர் எழுதித்தர முடியாது என்பது அவர் கொள்கை. நீங்கள் சாப்பாடு கொண்டுபோங்கள், வங்கிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் துணைக்குப் போங்கள்.

## ஓய்வுபெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது

யஹோடா சொன்ன ஐந்தும் ஒரே நாளில் நிற்கப்போகும் தேதி இது, அதுவும் முன்கூட்டியே தெரிந்த தேதி. ஆறு மாதம் இருக்கும்போதே அந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இனி அது எங்கிருந்து வரும் என்று குறியுங்கள். காலியாக இருக்கும் இடங்களை வேலையில் இருக்கும்போதே நிரப்பத் தொடங்க வேண்டும்; நூலகத்தில் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் என்ற அளவில் தொடங்கினால் போதும்.

பெரிய பதவியில் இருந்தவர்கள் பெரும்பாலும் நான்காவதில் தடுக்கி விழுகிறார்கள். அதிகாரம் போன இடத்தை நிரப்ப, குடியிருப்போர் சங்கத் தலைவர், கோயில் கமிட்டி, அறக்கட்டளை என்று முதல் மாதமே மூன்று நான்கு பொறுப்புகளை ஏற்றுக்கொண்டு, யாரோடாவது மோதி, ஆறாம் மாதம் வீட்டில் முடங்குவார்கள். முதல் மூன்று மாதம் ஒரே ஒரு இடம், அதுவும் நீங்கள் கற்றுக்கொள்பவராக இருக்கும் இடமாகப் பாருங்கள். வீட்டில் இருக்கும் துணையிடம் பகலில் எந்த நேரம் அவருக்கு உரியது என்று முன்பே கேட்டு வையுங்கள். இத்தனை ஆண்டும் அந்தப் பகலை அவர் தன் விருப்பப்படி நடத்திவந்திருக்கிறார்.