கொப்புளத்தைப் பார்த்ததும் குழந்தையின் வாயைத் திறந்து பாருங்கள்

ஏற்காட்டு மலையில் ஒரு சின்ன ஊர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு தாய் வாசலிலேயே நின்றபடி, "பாப்பாவுக்கு அம்மா வந்திருக்குங்க டீச்சர், தண்ணி ஊத்துற வரைக்கும் அனுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். முத்து போட்டிருக்கிறது என்றால் நம் பக்கம் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது, இரண்டரை வயதுக் குழந்தை பாட்டி மடியில் துவண்டு கிடந்தது. உதடு காய்ந்திருந்தது. காலையிலிருந்து ஒன்றுக்குப் போகவில்லை. வாயைத் திறந்து பார்த்தால் நாக்கு ஓரம் முழுக்கப் புண். வலி தாங்காமல் இரண்டு நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வந்தது அம்மையே இல்லை, கை கால் வாய் நோய். பொழுது சாயும் நேரத்தில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் அது கண்ணைத் திறந்து அழுதது.

இந்த நோய் பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானாகவே போய்விடும். அந்தப் பிள்ளையைப் படுக்க வைத்தது தண்ணீர் இறங்காததுதான். அதனால் வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது என்று ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: கையைக் கழுவுங்கள், ஸ்வெட்டரைக் கழற்றுங்கள்

மலைப்பிள்ளைகள் ஸ்வெட்டரும் குல்லாயுமாகவே இருப்பார்கள், உள்ளங்கையில் செம்மண் ஏறியிருக்கும். அப்படியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சோப்புப் போட்டுக் கை, கால் இரண்டையும் கழுவித் துடைத்துவிட்டு, ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். டியூப்லைட் வெளிச்சம் போதாது.

இரண்டாம் படி: வாய்

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். குழந்தையை மடியில் சாய்த்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, "சிங்கம் எப்படிக் கத்தும்?" என்று கேளுங்கள். வாய் தானாகத் திறக்கும். நாக்கின் ஓரம், கன்னத்தின் உள்பக்கம், கீழுதட்டின் உள்பக்கம், மேலண்ணத்தின் பின்பகுதி, நான்கையும் பாருங்கள். முதலில் சிவந்த புள்ளியாக இருக்கும். ஒரு நாளில் நடுவில் வெளுத்து, சுற்றிச் சிவந்த புண்ணாகிவிடும்.

வாயைத் திறக்கவே விடாத குழந்தையிடமும் ஒரு அடையாளம் உண்டு. சட்டையின் முன்பக்கம் எச்சிலில் நனைந்திருக்கும். சாப்பாடு கேட்டு வாங்கிய பிள்ளை ஒரு வாய் வைத்ததும் அழுது தட்டைத் தள்ளிவிடும். பசி இருக்கிறது, விழுங்க முடியவில்லை. அங்கன்வாடியில் நான் முதலில் கவனிப்பது தட்டைத்தான்.

மூன்றாம் படி: உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டம்

பொதுவாக முதல் ஓரிரு நாள் லேசான காய்ச்சலும் தொண்டை வலியும்தான் இருக்கும். அப்புறம்தான் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் புள்ளிகள் வரும். விரல் ஓரம், முழங்கால், முழங்கை, பிட்டம் இவற்றிலும் வரலாம். இணையத்தில் கிடைக்கும் படங்களில் வெள்ளைத்தோல் குழந்தைகள். ரத்தச் சிவப்பாகத் தெரியும். நம் பிள்ளைகளின் நிறத்தில் அது மங்கலான பழுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோதான் தெரியும். நடுவில் சாம்பல் நிறத்தில், அரிசி மணி மாதிரி நீள்வட்டமான சின்னக் கொப்புளம். பெரும்பாலும் ரேகை ஓடும் திசையிலேயே நீண்டிருக்கும். அழுத்தினால் குழந்தை கையை இழுத்துக்கொள்ளும். அரிப்பு பொதுவாகக் குறைவு.

நான்காம் படி: சின்னம்மையா என்று பாருங்கள்

சட்டையைத் தூக்கி வயிறு, முதுகு, மார்பு பாருங்கள். தலைமுடியை வகிடு பிரித்துப் பாருங்கள். சின்னம்மை பெரும்பாலும் உடம்பின் நடுப்பகுதியிலும் முகத்திலும் தலையிலும் தொடங்கும், உள்ளங்கையில் குறைவு. பிள்ளை சொறிந்துகொண்டே இருக்கும். முக்கியமான அடையாளம் இது: ஒரே இடத்தில் சிவந்த புள்ளி, தண்ணீர் கோத்த முத்து, காய்ந்த பொருக்கு மூன்றும் சேர்ந்து இருக்கும். ஏனென்றால் சில நாட்களுக்கு அலை அலையாகப் புது முத்து போட்டுக்கொண்டே இருக்கும்.

நாள் கணக்கும் உதவும். கை கால் வாய் நோய் தொற்றிய 3 முதல் 6 நாளில் தெரியும். சின்னம்மைக்குப் பொதுவாக இரண்டு வாரம், சில நேரம் 21 நாள்கூட ஆகும். அங்கன்வாடியில் ஒரு பிள்ளைக்கு வந்து அதே வாரத்தில் அடுத்தவனுக்கும் வந்தால் என் சந்தேகம் முதலில் கை கால் வாய் நோய் மேல்தான்.

ஆனால் கை கால் வாய் நோயைக் கொண்டுவரும் சில வைரஸ் வகைகளில், குறிப்பாக காக்சாக்கி ஏ6 வந்தால், கை, கால், முகம் என்று எங்கும் கொப்புளம் பரவும். பார்க்க அம்மை மாதிரியே இருக்கும். குழப்பமாக இருந்தால் நீங்களே முடிவு கட்ட வேண்டாம், டாக்டர் பார்க்கட்டும்.

தட்டம்மை வேறு மாதிரி. சில நாள் கடும் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்த கண். அதன்பின் காதுக்குப் பின்னால் அல்லது நெற்றி முடியோரம் தொடங்கி, முகத்திலிருந்து கீழே இறங்கும் தடிப்பு, கொப்புளம் இருக்காது. இதற்கு அன்றைக்கே ஆஸ்பத்திரி. 9 மாதத்திலும், 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் போட வேண்டிய தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டாயிற்றா என்று தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்.

ஐந்தாம் படி: தண்ணீர் இறங்க வேண்டும்

ஆடி மாதம் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டியதும் சேலமே வேப்பிலை வாசம்தான். நானும் அந்தத் தாயைக் கும்பிட்டு வளர்ந்தவள். வாசலில் வேப்பிலை கட்டுங்கள், தப்பே இல்லை. வெளியாட்களை வீட்டுக்குள் விடாத வழக்கம் இந்த நோய்க்கும் நல்லதே. தண்ணீர் ஊற்றும் வரை டாக்டரிடம் போகக் கூடாது என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். புண்ணில் மஞ்சள் அரைத்துத் தடவவும் வேண்டாம்.

ஆறிய கஞ்சி, கம்மங்கூழ், இளநீர், ஓஆர்எஸ், இதையெல்லாம் ஸ்பூன் ஸ்பூனாக, 5 நிமிஷத்துக்கு ஒருமுறை கொடுங்கள். குளிர்ச்சியாக இருந்தால் வலி குறையும். ஐஸ்கிரீம்கூடக் கொடுக்கலாம். புளித்த மோர், காரம், எலுமிச்சை எரியும். நம் ஏற்காடு ஆரஞ்சும் புண் ஆறும் வரை வேண்டாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை நிறுத்தவே கூடாது.

காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால், எடைக்கு ஏற்ற அளவில். இதில் ஒரு ஆபத்து உண்டு. கடையில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. 12 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம் என்று டாக்டர் சொன்னால், முதல் பாட்டிலில் அது 7.5 மில்லி, இரண்டாவதில் 3.6 மில்லி. போன தடவை கொடுத்த அளவையே நினைவில் வைத்துக் கொடுத்துவிடாதீர்கள், பாட்டிலைக் காட்டி எத்தனை மில்லி என்று கேளுங்கள். ஆஸ்பிரின் குழந்தைக்குக் கூடவே கூடாது. அம்மையா இல்லையா என்று தெளிவாகும் வரை இபுப்ரோஃபெனும் வேண்டாம். இது வைரஸ், ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

6 முதல் 8 மணி நேரம் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, காய்ச்சல் 3 நாளைத் தாண்டுகிறது, தூக்கத்தில் திடுக்திடுக்கென்று உடம்பு தூக்கிப்போடுகிறது, நடை தள்ளாடுகிறது, ஓயாத வாந்தி, வேகமான மூச்சு, எழுப்பினாலும் மயங்கிய தூக்கம், வலிப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் மறையாத புள்ளிகள் காய்ச்சலோடு வந்தாலும் அப்படியே. மலையில் இருப்பவர்கள் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பயப்பட வேண்டாதவை

2022ல் கொல்லத்தில் பரவிய 'தக்காளிக் காய்ச்சல்' நினைவிருக்கும். வாளையார் சோதனைச்சாவடியில் வண்டிகளை நிறுத்திப் பார்த்தார்கள். கடைசியில் அதுவும் இந்த நோய்தான் என்று தெரிந்தது. தக்காளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதேபோல மாட்டுக்கு வரும் கோமாரியும் இதுவும் வேறு வேறு, பிள்ளைக்கு இது வந்ததற்காக மாட்டைத் தனியே கட்ட வேண்டியதில்லை.

காய்ச்சல் விட்டு, கொப்புளம் காய்ந்ததும் அங்கன்வாடிக்கு அனுப்பலாம். ஆனால் மலத்தில் வைரஸ் பல வாரம் இருக்கும். கால் கழுவி விட்டதும் உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இந்த வைரஸுக்கு சானிடைசரை நம்ப முடியாது.

அந்தப் பாப்பாவின் அம்மா ஒரு மாதம் கழித்து மறுபடி ஓடி வந்தார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார், வெங்காயத் தோல் மாதிரி ஒரு குட்டிக் கட்டைவிரல் நகம். சில பிள்ளைகளுக்கு இப்படிச் சில வாரம் கழித்து நகம் கழன்றுவிடும், வலிக்காது. பாப்பாவின் விரலைப் பிடித்துப் பார்த்தேன். அடியில் புது நகம் பாதி வளர்ந்திருந்தது.