பொங்கலுக்கு ஒரு கைப்பிடி அரிசியில் மாக்கோலம்

வாசலுக்கும் பூஜையறைக்கும் ஸ்டிக்கர் கோலம் வாங்க வேண்டியதில்லை. அரை டம்ளர் பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, மிக்ஸியில் மைய அரைக்கவும். கொரகொரப்பு இருந்தால் விரல் வழியே மாவு சீராக இறங்காது. இழை விட்டுவிட்டு விழும். புழுங்கலரிசி வேண்டாம், வெண்மை குறையும்.

தண்ணீர் அளவுதான் முக்கியம். தோசை மாவைவிடத் தளர்வாக, மோரைவிடக் கெட்டியாக இருக்கட்டும். நீர்த்தால் கோடு பரவி மங்கும். கெட்டியானால் காய்ந்ததும் வெடித்து உதிரும்.

நான்கு விரல் அகலப் பழைய பருத்தித் துணியை மாவில் நனைத்து உள்ளங்கையில் அடக்கி, லேசாக அழுத்துங்கள். மோதிர விரல் நுனியில் மாவு வழியும்; அந்த விரலாலேயே இழுக்க வேண்டும். தரையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மாவு ஒட்டாது. துடைத்து, ஈரம் உலர்ந்த பிறகே தொடங்கவும்.

போடும்போது கோடு மங்கலாகத்தான் தெரியும். பயந்து மேலே மேலே இழுக்காதீர்கள். காயக் காயப் பளிச்சென்று வெளுக்கும், அதைப் பார்ப்பதே தனி சந்தோஷம்! நன்றாகக் காய்ந்தபின் காவியைக் குழைத்து ஓரம் கட்டலாம். ஈரத்தில் கட்டினால் சிவப்பு கசிந்து வெள்ளையில் ஏறிவிடும்.

மீந்த மாவு ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாளைக்கும் ஆகும்.