எச்எஸ்கே சொற்களைக் காட்சி காட்சியாகப் படிப்பது எப்படி

எச்எஸ்கே என்பது சீனமொழித் திறன் தேர்வு. பழைய ஆறு நிலைக் கணக்கில் அதன் மூன்றாம் நிலைக்கு 600 சொல் தெரிய வேண்டும். நான் அதை முதலில் அகர வரிசைப் பட்டியலை வைத்துத்தான் படித்தேன். அந்தப் பட்டியலின் தொடக்கத்தில் வருவதைத் தமிழில் சொன்னால் சித்தி, குட்டை, பொழுதுபோக்கு, அமைதி, வகுப்பு, இடம் மாற்று, வழிமுறை என்று போகும். ஒன்றுக்கும் ஒன்றுக்கும் சம்பந்தமே கிடையாது. தினமும் இருபது சொல் என்று ஒரு மாதம் ஓட்டினேன், நோட்டைப் பார்த்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது, ஆனால் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டால் தெரிந்த சொல்கூட என்னவென்று பிடிபடுவதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடும்.

சரி, தலைப்பு வாரியாகப் படிப்போம் என்று அடுத்து பழங்கள், நிறங்கள், உடல் உறுப்புகள் என்று பிரித்துக்கொண்டேன். ஒரே சாயங்காலத்தில் ஆப்பிள், தர்பூசணி, வாழைப்பழம், திராட்சை நான்கையும் படித்தேன். மறுநாள் நான்கும் ஒன்றோடொன்று குழம்பிப்போயின. ஷீகுவா தர்பூசணியா, ஷியாங்ஜியாவ் தர்பூசணியா என்று யோசிக்க வேண்டியிருந்தது. இது என் ஒருவருடைய பிரச்சினை இல்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது. டிங்க்கம் என்கிற ஆய்வாளர் 1997இல் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார். ஒரே வகைச் சொற்களைச் சேர்த்துப் படித்தால் ஒன்று இன்னொன்றை இடிக்கிறது, ஒரே காட்சியில் வரும் சொற்களைச் சேர்த்துப் படித்தால் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வருகிறது என்பதுதான் அதன் சாரம். ஆப்பிள், வாழை, திராட்சை என்பது வகை. பழக்கடை, வாங்கு, இனிப்பு, விலை அதிகம், ஒரு கிலோ என்பது காட்சி. தலைப்பு வாரியாகப் படியுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது நல்ல யோசனைதான், ஆனால் பெரும்பாலானோர் வகையைத்தான் தலைப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இப்போது சீனாவில் எம்பிபிஎஸ் படிக்கப் போகும் என் அக்கா மகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒலி பற்றி ஒரு குறிப்பு. நான் இங்கே தமிழில் எழுதுவது உத்தேசமான ஒலிதான், ஏற்ற இறக்கத்தை அது காட்டாது. நீங்கள் பின்யின் முறையில், அதாவது சீன ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதும் முறையில், நான்கு தொனிக் குறிகளோடு எழுதிக்கொள்ளுங்கள், ஒலிப்பதிவைக் கேட்காமல் ஒரு சொல்லையும் நோட்டில் ஏற்றாதீர்கள். நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. பின்யினில் பி (b) என்று எழுதியிருப்பது ஆங்கில பி (b) இல்லை, நம் 'பால்' என்பதில் வரும் ப. அதே மாதிரி டி (d) என்றால் 'தம்பி'யில் வரும் த, ஜி (g) என்றால் 'கண்'ணில் வரும் க. காற்றைத் தள்ளிச் சொல்லும் ஒலிகளைத்தான் தனியாகப் பழக வேண்டும், உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள், காற்று படவேண்டும். அப்படிப்பட்ட ஒலியை இங்கே ப்ப, த்த, க்க, ச்ச என்று இரட்டித்து எழுதுகிறேன். இன்னொன்று, சொல்லின் முதலில் வரும் ஆர் நம் ழகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சூடு என்பதற்கான சொல்லை 'ழ' என்று நாக்கை மடித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

டீக்கடையிலிருந்து ஆரம்பியுங்கள்

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காலை ஏழு மணி, ஒரு டீக்கடை. கண்ணை மூடினால் அந்த இடம் தெரியும் இல்லையா, அதுதான் வேண்டும். நீங்கள் பார்க்காத பெய்ஜிங் உணவகத்தைக் கற்பனை செய்து படிப்பதைவிட, தினம் நிற்கிற இடத்தில் சீனச் சொற்களைக் கொண்டுவந்து வைப்பது சுலபம். இங்கே என்னென்ன நடக்கிறது? குடிக்கிறோம், அது ஹ. டீ, அது ச்சா. சூடு, ழ. கோப்பை, பெய். வேண்டும், யாவ். வேண்டாம், பு யாவ். எவ்வளவு காசு, துவோஷாவ் ச்சியென். பெயர்ச்சொல்லை மட்டும் பொறுக்காதீர்கள், வினைச்சொல்லை முதலில் எடுங்கள். ஹ தெரிந்தால் தண்ணீர், பால், காபி எல்லாம் அதன் பின்னாலேயே வந்து உட்காரும். கடைசியில் ஒரு முழு வாக்கியம் வர வேண்டும்: வொ யாவ் யி பெய் ழ ச்சா, எனக்கு ஒரு கோப்பை சூடான டீ வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தில் ஆறு சொல் போய்விட்டது.

சொல்லவேண்டிய ஒரு விஷயம், ச்சாவும் நம் தேயிலையும் ஒரே எழுத்தின் இரண்டு உச்சரிப்பிலிருந்து வந்தவை. ஃபூஜியன் கடற்கரைப் பேச்சில் அது 'தே'. கப்பலில் போன ஊர்களுக்குத் தே என்றும், தரைவழியாகப் போன ஊர்களுக்குச் சா, சாய் என்றும் பெயர் போயிற்று. இது தெரிந்தபின் ச்சா யாருக்கும் மறக்காது.

பெய் என்பதைக் கவனியுங்கள். சீனத்தில் 'ஒரு டீ' என்று எண்ணையும் பொருளையும் ஒட்டவைக்க முடியாது, நடுவில் ஓர் அளவுச் சொல் வேண்டும். நாம் கடைவீதியில் ஒரு கட்டு கீரை, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு முழம் பூ என்கிறோமே, மூன்று பேர் வந்தார்கள் என்கிறோமே, அந்தப் பழக்கத்தை எல்லாப் பொருளுக்கும் நீட்டினால் அதுதான். புத்தகத்துக்குப் பென், டிக்கெட், காகிதம், மேசை மாதிரித் தட்டையானவற்றுக்கு ஜாங், சாலை, ஆறு, மீன், பேன்ட் போன்ற நீளமானவற்றுக்குத் த்தியாவ், வண்டிகளுக்கு லியாங். ஆகவே நோட்டில் 'டிக்கெட்: ப்பியாவ்' என்று எழுதாதீர்கள், 'யி ஜாங் ப்பியாவ்' என்று எழுதுங்கள். நான்காம் நிலையில் சொற்களை வரிசைப்படுத்தி வாக்கியம் அமைக்கும் கேள்விகள் பத்து வரும், அளவுச் சொல் தெரியாதவர்கள் அங்கேதான் திணறுகிறார்கள்.

குடும்பம்: இதில் நாம் முன்னால் நிற்கிறோம்

ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் கெகெ, தீதி, ஜியேஜிய, மேய்மெய் நான்கையும் பிரிக்கச் சிரமப்படுவார்கள். நமக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, அவ்வளவுதான். தயவுசெய்து ஆங்கில அர்த்தம் போட்ட பட்டியலில் குடும்பச் சொற்களைப் படிக்காதீர்கள், அங்கே எல்லாம் ஒரே அங்கிளாகக் குவிந்து கிடக்கும். தமிழில் போட்டால் தானாகப் பிரியும்: அப்பாவின் அண்ணன் போபோ, பெரியப்பா. அப்பாவின் தம்பி ஷூஷு, சித்தப்பா. அம்மாவுடன் பிறந்தவர் ஜியூஜியு, மாமா. அப்பாவுடன் பிறந்தவள் கூகு, அத்தை. பட்டியலின் முதல் சொல்லாக வந்த அந்த ஆயீ சித்திதான், அம்மா வயதுள்ள வெளிப் பெண்களையும் அப்படிக் கூப்பிடலாம்.

ஓர் இடத்தில் மட்டும் கணக்கு மாறும். நமக்குப் பெரியப்பா பிள்ளையும் பெரியம்மா பிள்ளையும் அண்ணன் தம்பிதான். சீனத்தில் அப்பாவின் சகோதரர்களுடைய பிள்ளைகள் மட்டும் த்தாங், அதாவது ஒரே குடும்பப் பெயர். பெரியம்மா, மாமா, அத்தை பிள்ளைகள் எல்லோருமே பியாவ். அதேபோல அம்மாவைப் பெற்ற பாட்டி வாய்ப்போ, அதில் 'வாய்' என்றால் வெளி. இந்தக் காட்சிக்கு உங்கள் வீட்டுக் கல்யாண போட்டோ ஒன்றை எடுத்து, ஒவ்வொருவராகக் கைகாட்டிச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் முடியும்.

ஏற்காடு பஸ்

போக்குவரத்தும் வானிலையும் ஒரே பயணத்தில் படிக்கலாம். பஸ்ஸில் போவதற்கு வினை ஸுவோ, உட்கார் என்பதும் அதுவே. ஏறுவது ஷாங் ச்ச, இறங்குவது ஷியா ச்ச, ஓட்டுநர் ஸஜி, மலையேறுவது ப்பா ஷான். மழை பெய்வது ஷியா யூ, இறங்குவதற்கான அதே ஷியா. காற்றடிப்பது குவா ஃபெங்.

இங்கே தமிழர்கள் எல்லோரும் ஒரு தவறு செய்வார்கள். 'சேலத்திலிருந்து ஏற்காடு போகிறேன்', 'ஏற்காடு சேலத்திலிருந்து தூரமில்லை' என்ற இரண்டிலும் நமக்கு ஒரே 'இருந்து'. சீனத்தில் நகர்கிற இடத்துக்கு ட்ஸோங், இரண்டு இடங்களுக்கு நடுவிலுள்ள தூரத்துக்கு லீ. யாரும் நகராத வாக்கியத்தில் ட்ஸோங் போட்டால் தவறு. ஏற்காடு லீ சேலம் பு யுவான், இதை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஒப்பீட்டில் நமக்குச் சாதகம். 'ஏற்காடு சேலத்தைவிடக் குளிர்' என்பது 'ஏற்காடு பி சேலம் லெங்'. ஊர், ஊர், குளிர் என்று வரிசை மாறவே இல்லை, நாம் பின்னால் ஒட்டும் 'விட' அங்கே முன்னால் வந்து பி ஆகிறது. லெங்குக்கு முன்னால் 'மிகவும்' என்ற ஹென்னைப் போடக்கூடாது. அதைப் பிடிக்கவே கேள்வி வைப்பார்கள்.

இரண்டாம் நிலை முடித்தவருக்கு மூன்றில் புதிதாக 300 சொல். ஒரு காட்சிக்குப் பதினைந்து என்று வைத்தால் இருபது காட்சி. ஏற்காட்டு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவும் இருபது. அக்கா மகள் இதை ஒரு வழக்கமாகவே ஆக்கிக்கொண்டாள், பஸ் மேலே ஏறும்போது ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காட்சி, வண்டி திரும்பி முடிப்பதற்குள் அந்தக் காட்சியிலிருந்து மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும், சொல்ல முடியாத வளைவின் எண்ணைக் குறித்துக்கொண்டு இறங்கியதும் அதை மட்டும் திருப்பிப் பார்ப்பாள். பதினோராவது வளைவு அவளுக்கு வங்கி, அது இரண்டு முறை தவறியது.

மருத்துவமனை

மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள். மருந்தைச் சாப்பிடு என்றுதான் நாமும் சொல்கிறோம், அவர்களும் ச்சி யாவ் என்று அதையேதான் சொல்கிறார்கள். காய்ச்சல் ஃபாஷாவ், சளி கான்மாவ், வலி த்தெங். நமக்குத் தொடையிலிருந்து பாதம்வரை 'கால்' என்றே போய்விடும், சீனத்தில் பாதம் ஜியாவ், அதற்கு மேலே த்துய், நோயாளி எதைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார் என்பதை வைத்துப் படியுங்கள்.

எழுத்து

முதல் இரண்டு நிலை வினாத்தாளில் எழுத்தோடு பின்யினும் அச்சாகியிருக்கும். மூன்றாம் நிலையில் அது கிடையாது, ஒலியாக மட்டும் படித்தவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள். எழுத்தின் இடது பக்க உறுப்பையும், அதாவது பொருளைச் சுட்டும் பகுதியையும், காட்சியோடு சேர்த்துப் பாருங்கள். சேலத்துக்காரர்களுக்கு நான் உலோக உறுப்பிலிருந்து தொடங்கச் சொல்வேன். காசு என்கிற ச்சியென், வெள்ளி என்கிற யின், இரும்பு என்கிற த்தியே மூன்றிலும் இடது பக்கம் அதே உறுப்பு நிற்கும். வெள்ளியிலிருந்து வங்கி, யின்ஹாங். தரைக்கு அடியில் இரும்பு, தீத்தியே, மெட்ரோ ரயில். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசும் உருக்காலையில் இரும்பும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைவிடச் சுலபமான வாசல் இல்லை. அக்கா, தங்கை, அம்மா, பாட்டி எழுத்துகளில் பெண் உறுப்பு இருக்கும். முகம், கால், பாதம் மூன்றிலும் நிலா மாதிரி ஓர் உறுப்பு.

கிழமைக்கும் மாதத்துக்கும் காட்சி தேவையில்லை, எண்கள் தெரிந்தால் போதும், திங்கள் வாரம் ஒன்று, ஜனவரி ஒன்றாம் மாதம், ஞாயிறு மட்டும் எண்ணில் வராது. ஒலியில் இரட்டையாக இருப்பவற்றை மட்டும் ஒரே வாரத்தில் தொடாதீர்கள். வாங்கு, விற்பது இரண்டுமே மாய்தான், தொனிதான் வேறு. வாங்குவதை இந்த வாரம் பழக்கடைக் காட்சியில் நன்றாக ஊறவிட்டு, விற்பதை மூன்று வாரம் கழித்து வேறு கடையில் படியுங்கள். பா, பெய் (கோப்பைக்கான பெய் இல்லை, இது வேறு சொல்), சுய்ரான் போன்ற இலக்கணச் சொற்களைத் தனிக் காட்சியாக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம், ஏற்கெனவே உள்ள காட்சியில் ஒரு வாக்கியமாக நுழைத்துவிடுங்கள். மறுபார்வைக்கு ஆங்கி என்கிற நினைவட்டைச் செயலியில் அட்டை போடலாம், தனிச் சொல்லாகப் போடாமல் வாக்கியமாகப் போடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. 2021இல் ஒன்பது நிலைகள் கொண்ட புதிய தரம் வெளிவந்தது, அதில் முதல் நிலைக்கே 500 சொல், மொத்தம் 11,092. நான் மேலே சொன்ன 600 பழைய ஆறு நிலைக் கணக்கு. பதிவு செய்யும்முன் உங்கள் தேர்வு எந்தக் கணக்கில் என்று பார்த்துவிட்டுப் பட்டியலை எடுங்கள். காட்சி முறை இரண்டுக்கும் பொருந்தும்.

தேர்வறையில் இது எங்கே கைகொடுக்கும் என்றால், கேட்டல் பகுதியில். இருவர் பேசுவார்கள், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேள்வி வரும், இடத்தின் பெயரைப் பேச்சில் சொல்லவே மாட்டார்கள். மெனு என்று ஒரு சொல், பரிமாறுபவர் என்று ஒரு சொல் காதில் விழும், அவ்வளவுதான். பட்டியலாகப் படித்தவர் இரண்டையும் மொழிபெயர்க்கத் தொடங்குவார். காட்சியாகப் படித்தவருக்கு அந்த இரண்டு சொல்லிலேயே மேசையும் தட்டும் தெரிந்துவிடும், விடையைக் குறித்துவிட்டு அடுத்த கேள்வியின் மூன்று விடைகளையும் முன்கூட்டியே படிக்க அவருக்கு நேரம் இருக்கும்.