கேரளக் கள்ளுக்கடையில் எதைச் சாப்பிடலாம், எப்படிக் குடிக்கலாம்

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை, அதனால் கள்ளுக்கடைச் சாப்பாட்டை ருசிக்க ஆசையென்றால் ஆலப்புழை, குட்டநாடு பக்கம் போய்விடுங்கள். 23 வயது ஆகியிருக்க வேண்டும், அது அங்கே சட்டம்.

மதியத்துக்கு முன்பே போவது நல்லது. காலையில் இறக்கிய தென்னங்கள் இனிப்பாக இருக்கும், நேரம் ஏற ஏறப் புளித்துக்கொண்டே போய்ப் போதையும் கூடும், சாயங்காலக் கள்ளைப் பழக்கமில்லாதவர்கள் மடமடவென்று குடிக்கவே கூடாது. முதலில் ஒரு டம்ளர் போதும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம், என்னைக் கேட்டால் அதற்காகத்தான் போக வேண்டும். மெனு கார்டெல்லாம் தேடாதீர்கள், "இன்னைக்கு என்ன இருக்கு சேட்டா?" என்று கேளுங்கள். குடம்புளி போட்டுச் சிவக்க வைத்த மீன்கறியும் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் கட்டாயம் வாங்குங்கள். கிழங்கைக் கையால் பிய்த்துக் குழம்பில் நன்றாகப் புரட்டிச் சாப்பிட வேண்டும், ஸ்பூன் வேண்டாம். காரம் ஏறும்போது ஒரு வாய் கள், அவ்வளவு பொருத்தம்! அப்புறம் கரிமீன் வறுவல், வாத்துக்கறி. பல கடைகளில் குடும்பத்தோடு உட்காரத் தனி அறை உண்டு, கேட்டால் காட்டுவார்கள். திரும்பும்போது வண்டியைக் குடிக்காதவர் ஓட்டட்டும்.